டிஆர்சியிலிருந்து அண்ணன் வருகிறார்: சிகிச்சைக்கு யார் பொறுப்பு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில், அதாவது டிஆர்சியில் இருக்கிறார். இன்னும் சில மாதத்தில் வெளியே வருவார். உள்ளே போவதற்கு முன் அவருக்குக் குடியும் இருந்தது. அங்குள்ள அதிகாரி இடைநிலை இல்லம் (வீட்டுக்கு வருவதற்கு முன் தங்கவைக்கும் 'ஹாஃப்வே ஹவுஸ்') என்கிறார். அம்மா இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம்தான் வேண்டும் என்கிறார், அதுவும் ஓர் இடைநிலை இல்லம்தான். சித்தப்பா இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவிடம் போகச் சொல்கிறார், தோழியோ மனநலக் கழகத்துக்கு அழைத்துப் போ என்கிறார். "இவர்கள் எல்லாரும் ஒரே குழுவா, தனித்தனியா? யாரிடம் சொன்னால் யாருக்குப் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, அண்ணன் வெளியே வந்த பிறகு அவரைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

நான் போதைப் பழக்க ஆலோசனையில் முறையாகப் பயிற்சி பெற்றவன். பல ஆண்டுகள் ஒரு சமூக சேவை அமைப்பில் இருந்து, வெளியே வருபவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்திருக்கிறேன். மருத்துவனோ வழக்கறிஞனோ அல்ல. சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை உங்கள் அண்ணனுடைய அதிகாரியிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான். போதைப்பொருளைப் பொறுத்தவரை, ஆமாம், அவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டுக்குள் வேலை செய்கிறார்கள். அதைச் சட்டம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. குடியைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. உங்கள் அண்ணனுக்கு இரண்டும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் வெளியே வந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான். அதனால் குடியைப் பற்றிக் கீழே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்க்கலாம், அப்போதுதான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியும். சிங்கப்பூரில் போதைக்கு அடிமையானவர்களைத் தனியாக வைத்துச் சிகிச்சை தருவது 1955ல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் அபின் பழக்கம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய நிலையம் வரைக்கும் பின்னால் போகிறது. பிறகு 1971ல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு வந்தது. நாம் சிஎன்பி என்கிறோமே, அதுதான். 1972ல் தொண்டூழியர்களைக் கொண்டு சானா என்ற போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம் தொடங்கியது. 1973ல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. வெளியே வருபவர்களுக்கு வேலையும் பயிற்சியும் தருவதற்காக 1976ல் ஸ்கோர் என்ற அமைப்பு உருவானது, 2020லிருந்து அதற்கு யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர் என்று பெயர். 1956லிருந்தே இயங்கும் சாக்கா என்ற பின்பராமரிப்புச் சங்கமும் இருக்கிறது. இப்படி ஆளுக்கொரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்களை 2000ல் கேர் நெட்வொர்க் என்ற பெயரில் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அமைச்சுகள், சிறைத்துறை, சானா, சாக்கா எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பலருக்குத் தெரிந்த மஞ்சள் ரிப்பன் இயக்கம் 2004ல் இங்கிருந்து பிறந்ததுதான்.

நடைமுறையில் அது உங்கள் வீட்டுக்கு எப்படி வரும்? டிஆர்சியை நடத்துவது சிறைத்துறை. உள்ளே இருக்கும்போதே ஒருவர் மறுபடி போதைக்குத் திரும்பும் அபாயம் எவ்வளவு, வீட்டு நிலைமை என்ன, வேலை உண்டா என்றெல்லாம் மதிப்பிட்டு, கடைசிக் கட்டத்தை எங்கே கழிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். சிலர் கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்பு டேக் கட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவார்கள். சிலர் இடைநிலை இல்லத்துக்குப் போவார்கள், அங்கிருந்து பகலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். இந்தக் கட்டத்தில் சிறைத்துறையின் மறு ஒருங்கிணைப்பு அதிகாரி ஒருவர் பொறுப்பில் இருப்பார். இது முடிந்ததும் சிஎன்பியின் கண்காணிப்பு தொடங்கும். குறித்த நாளில் போய்ச் சிறுநீரோ முடியோ பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். போகாமல் இருப்பதே குற்றம். 2019ல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கண்காணிப்பின் உச்ச வரம்பை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகவும், டிஆர்சியில் வைத்திருக்கும் உச்ச வரம்பை 3 ஆண்டிலிருந்து 4 ஆண்டாகவும் உயர்த்தினார்கள்.

இடைநிலை இல்லங்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது அரசாங்கம் அல்ல, சமய, தொண்டு அமைப்புகள். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம், பெர்தாப்பிஸ், ஜாமியா, பிரேக்த்ரூ மிஷன்ஸ், ஹெல்ப்பிங் ஹேண்ட், பெண்களுக்கு டர்னிங் பாயிண்ட் என்று பல இருக்கின்றன. சிறைத்துறை ஆளை அனுப்புகிறது, விதிகளை வகுக்கிறது. தினசரி வாழ்க்கையை இல்லம் பார்த்துக்கொள்கிறது. அம்மா ஆசிரமம் வேண்டும் என்பதில் தப்பே இல்லை. சாப்பாடு, மொழி, வெள்ளிக்கிழமை தேவாரம், தன் சமூகத்து ஆள் என்ற நெருக்கம் எல்லாம் சேர்ந்து ஒருவரைத் தங்க வைக்கும், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குடும்பம் விருப்பத்தைச் சொல்லலாம், அவ்வளவுதான். எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது சிறைத்துறை. அந்த விருப்பத்தையும் அண்ணன் வாயால் சொல்வதுதான் நல்லது. நமக்காக அவர் ஆசிரமத்துக்குப் போனால் வெளியே வரும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

சரி, இத்தனை பேர் ஒரே மேசையில் இருக்கிறார்கள் என்றால் எதற்குக் கவலை என்று கேட்கலாம். மேலே இருக்கும் மேசை வேறு, கீழே வந்து சேரும் காகிதம் வேறு. ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தபோது ஃபேர்பிரைஸ் பையில் மகனுடைய காகிதங்களை எல்லாம் கொண்டுவந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒன்று சிறுநீர்ப் பரிசோதனை அட்டவணை. ஒன்று பல் மருத்துவர் சந்திப்பு. ஒன்று குடும்பச் சேவை நிலையத்தின் கடிதம், ஒன்று வேலைப் பயிற்சிக்கானது. மேசையில் பரப்பிப் பார்த்தால் மூன்று சந்திப்புகள் ஒரே செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்திருந்தன. அந்தப் பையன் அப்போதுதான் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மேலாளரிடம் எதற்கு விடுப்பு என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பரிசோதனைக்கு மட்டும் போய்விட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டான். இரண்டு இடத்திலும் அவன் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று பதிவானது. அந்த அமைப்புகளில் யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. எல்லாக் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அன்று நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. எல்லா இடத்துக்கும் தொலைபேசியில் பேசி, இனிமேல் இவனுக்கு எந்தச் சந்திப்பு கொடுத்தாலும் இந்தக் கேஸ் ஒர்க்கரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அதனால் அண்ணன் வருவதற்கு முன்பே அதிகாரியிடம் நீங்கள் கேட்க வேண்டியது: "இவருடைய கேஸை முழுசாகப் பிடித்திருப்பவர் யார், அவர் எப்போது மாறுவார், அடுத்து யார் வருவார்?" முக்கியமான இடம் அந்த மாறும் நாள்தான். இடைநிலை இல்லத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஆலோசகர் ஒரு நாள் இருக்க மாட்டார். டேக் கழன்றுவிடும். சிஎன்பி அதிகாரி பரிசோதனையைப் பார்ப்பார், அவரிடம் மனம்விட்டுப் பேச அண்ணனுக்கு வராது. அந்த வாரத்துக்கு முன்னாலேயே சானாவிலோ வேறு அமைப்பிலோ ஒரு கேஸ் ஒர்க்கரோடு அண்ணன் குறைந்தது ஓரிரு முறையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவருடைய எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் யாரும் அழைக்க மாட்டார்கள்.

இனி குடி. இங்கேதான் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது. போதைப்பொருளுக்குச் சட்டம் பிடித்து உட்கார வைத்துச் சிகிச்சை தருகிறது. குடிக்கு டிஆர்சி மாதிரி ஒன்று கிடையாது. லிட்டில் இந்தியாக் கலவரத்துக்குப் பிறகு 2015ல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரவு 10.30 மணிக்குப் பிறகு பொது இடத்தில் குடிப்பதையும் கடையில் வாங்கிப் போவதையும் தடுக்கிறது, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமை. அது இடத்தையும் நேரத்தையும்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து குடிப்பவரை அது தொடாது. சிறுநீர்ப் பரிசோதனையும் போதைப்பொருளைத்தான் தேடும், பியரைத் தேடாது. இடைநிலை இல்லத்தில் இருக்கும்வரை குடிக்க விடமாட்டார்கள். வெளியே வந்த பிறகு, ஹெராயினோ ஐஸோ (மெத்தம்பெட்டமின்) தொட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த மனிதன், மாட்டிக்கொள்ளாத ஒன்றைக் கையில் எடுக்கிறான். பரிசோதனை அறிக்கை மாதாமாதம் சுத்தமாக இருக்கும். அதிகாரிக்குத் திருப்தி, வேலை கொடுத்தவருக்கும் திருப்தி. வீட்டில் மட்டும் அம்மாவுக்குத் தெரியும், இரண்டு டின் நாலு டின் ஆகிவிட்டது என்று. "பரவாயில்லை, அதைவிட இது மேல்" என்று குடும்பமே சொல்லிக்கொள்வதை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். அந்தச் சமாதானம் ஆபத்தானது. குடி முதலில் தளர்த்துவது, பழைய நண்பனின் அழைப்பை எடுக்காமல் இருக்கும் அந்த மன உறுதியைத்தான். பலர் பழைய போதைக்குத் திரும்பியது ஒரு குடித்த இரவில்.

குடிக்கான சிகிச்சை சிங்கப்பூரில் நன்றாகவே இருக்கிறது, ஆனால் நாமாகப் போய்க் கேட்க வேண்டும். புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்குள் 2008ல் தொடங்கிய நாம்ஸ் என்ற தேசிய போதைப் பழக்கச் சேவை குடி, போதைப்பொருள், சூதாட்டம் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தருகிறது. படுக்கையில் சேர்த்து நச்சு நீக்குவது, வெளிநோயாளியாக வந்து ஆலோசனை பெறுவது, குடிக்கும் ஆவலைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்து எல்லாம் உண்டு. பாலிகிளினிக் கடிதத்தோடும் போகலாம், 6732 6837 என்ற எண்ணில் நேரடியாக அழைத்தும் கேட்கலாம். மருத்துவமனை வேண்டாம் என்று அண்ணன் அடம்பிடித்தால் வீகேர் என்ற சமூக அமைப்பு இருக்கிறது. அங்கே ஆலோசனையும், பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் ஒன்றாக உட்காரும் குழுக்களும் உண்டு. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நடக்கின்றன. ஆனால் இவர்களில் யாருக்கும் உங்கள் அண்ணன் வெளியே வருவது தானாகத் தெரியவராது. குடியை அந்த மேசைக்குக் கொண்டுவரப் போவது நீங்கள்தான். "எங்கள் அண்ணனுக்குக் குடிப் பழக்கமும் இருந்தது, அதைத் திட்டத்தில் சேருங்கள், நாம்ஸுக்குப் பரிந்துரை கொடுங்கள்" என்று உள்ளே இருக்கும்போதே அதிகாரியிடம் சொல்லுங்கள். அண்ணனுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது முதலில் அவரிடம் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

யாரிடம் சொன்னால் யாருக்குப் போகும் என்ற கேள்வி நியாயமான பயம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமை என்று மருத்துவருக்கு நியாயமான சந்தேகம் வந்தாலே, 7 நாளுக்குள் சுகாதார அமைச்சின் உயர் அதிகாரிக்கும் சிஎன்பிக்கும் அவர் தெரிவிக்க வேண்டும், விதிமுறை அப்படி. அது மருத்துவரின் விருப்பம் இல்லை, கடமை. இதனால்தான் பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. என் சொந்தக் கருத்தைச் சொன்னால், இந்த விதி ஆரம்பத்திலேயே உதவி தேடி வந்திருக்கக்கூடிய சிலரை விலக்கிவைக்கிறது. அதே விதி சிலரை உயிரோடு பிடித்து நிறுத்தியிருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். குடிக்கு இந்த அறிவிப்புக் கடமை கிடையாது. குடிக்காக நாம்ஸுக்குப் போனால் அந்தக் காரணத்துக்காக சிஎன்பிக்குத் தகவல் போகாது. ஆனால் அங்கே அண்ணன் "போன வாரம் ஐஸும் எடுத்தேன்" என்று சொன்னால் கதை வேறு.

உறுதி குறைவான பகுதி ஆலோசகர்களும் சமூக சேவை அமைப்புகளும். மருத்துவருக்கு இருக்கும் அந்த விதி ஆலோசகருக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் ஒவ்வோர் அமைப்புக்கும் தன் கொள்கை உண்டு. சிறைத்துறையோடு ஒப்பந்தத்தில் இருக்கும் இல்லம், அண்ணன் அந்தக் கட்டத்தில் இருக்கும்வரை மீறல்களைத் தெரிவித்தாக வேண்டும். நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே எதை வெளியே சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று விளக்குவார். விளக்காவிட்டால் அண்ணனே கேட்கட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தானாகவே போய் சிஎன்பியிடம் சரணடைந்தால் என்ன நடக்கும் என்பதையும் பலர் கேட்கிறார்கள். மற்றக் குற்றம் எதுவும் இல்லாமல் வெறும் பயன்பாடு மட்டும் என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு வழக்குப் போடுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் மறுவாழ்வுப் பாதைக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் எந்தக் கேஸில் எது என்பது அதிகாரிகளின் முடிவு. "ஒன்றும் ஆகாது" என்று உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று நேரடியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. வெளியே வந்தவர்களில் 2 ஆண்டுக்குள் திரும்பவும் உள்ளே போகிறவர்கள் 1990களின் பிற்பகுதியில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தார்கள், அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இது எல்லாக் கைதிகளையும் சேர்த்த கணக்கு. அமைப்புகள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதற்கும் இந்த இறக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன், ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. 5 ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் திரும்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறார்கள். அதாவது கூட்டம் கலைந்த பிறகும் ஆபத்து கலைவதில்லை. எந்த இல்லம் மற்றதைவிடச் சிறந்தது என்பதை எண்களை வைத்துச் சொல்ல முடியாது, ஒவ்வோர் இல்லத்துக்கும் போகிறவர்களே வேறு வேறு மாதிரி. அண்ணன் எங்கே மூன்றாம் மாதமும் விருப்பத்தோடு இருப்பார் என்று யோசித்தால் போதும்.

சிண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. போதைச் சிகிச்சை அவர்கள் வேலை இல்லை, அதற்காக அவர்களிடம் போக வேண்டாம். ஆனால் அவர்களுக்குக் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது, தமிழில் பேசுபவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் படிப்புக்கு உதவியும் உண்டு. அண்ணனுக்குப் பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால் சித்தப்பா சொன்னது மிகச் சரி. அம்மாவுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். நாம்ஸிலும் வீகேரிலும் குடும்பத்தாருக்கென்றே ஆலோசனை கேட்கலாம், அண்ணன் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போகலாம்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம், இவற்றை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். பல மாதம் ஹெராயின் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் சில வாரங்களில் பழைய நினைப்பில் எடுத்தால், அதுவும் குடியோடு சேர்த்து எடுத்தால், மூச்சு நின்றுபோகலாம். அடுத்தது, அண்ணன் மறுபடி தினமும் நிறையக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் கோபத்தில் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள், பாட்டிலைப் பூட்டிவைக்காதீர்கள். கடைசிக் குடிக்குப் பிறகு ஒரு நாளுக்குள் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பதும் குழம்பிப் பேசுவதும் வரலாம், இது கொல்லக்கூடியது. குடியை நிறுத்துவதை மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டும். வலிப்போ குழப்பமோ வந்தால், மூச்சு மெதுவாகி எழுப்ப முடியாமல் போனால், போலீஸ் வருமோ என்று யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அவர் கை ஓங்கும் நிலை வந்தால் குடும்ப வன்முறை உதவி எண் 1800 777 0000, எந்த நேரமும் எடுப்பார்கள்.

அதிகாரியோடு சந்திப்பு முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள். எந்தக் கட்டம், எத்தனை மாதம் என்று தெரிந்தால் அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.